பதவிக்குப் பின் கையேந்திய பெருந்தகை: நவாப் முஹ்ஸினுல் முல்க்

ஆண்டறிக்கை கைக்கு வந்ததும் நம்மில் பெரும்பாலோர் முதலில் புரட்டுவது கடைசிப் பக்கங்களைத்தான். வரவு செலவுக் கணக்கும் நன்கொடையாளர் பட்டியலும் அங்கேதான் இருக்கின்றன. தம் பெயரும் தொகையும் சரியாக அச்சேறியிருக்கின்றனவா என்று பார்ப்பதில் தவறொன்றும் இல்லை. கொடுத்தவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்காகவும் ரசீதுப் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு படியேறி இறங்கியவரைப் பற்றி அப்பக்கங்களில் ஒரு வரியும் இருப்பதில்லை. துறைமுகத்திலும், இரயில்வேயிலும், எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகளிலும் முப்பதாண்டுகள் கோப்பும் கணக்கும் பார்த்து ஓய்வு பெற்றபின், வசூல் பொறுப்பை ஏற்று வீதியில் இறங்கும் பெரியவர்களை வடசென்னை மஹல்லாக்களில் நாம் பார்த்திருக்கிறோம். மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்தவர் பிறர் வீட்டு வாசலில் நிற்கப் பழகுவது எளிதன்று. அந்த மாற்றத்தை நூறாண்டுகளுக்கு முன்னர், மிகப் பெரிய அளவில், மிக நெருக்கடியான வேளையில் மேற்கொண்ட ஒருவரின் வரலாறே இக்கட்டுரை.

அலீகர் என்றால் ஸர் ஸையித் அஹ்மத் கான் அவர்களின் பெயர் நினைவுக்கு வரும். அவருக்குப் பின் அக்கல்லூரி மூடப்படாமல் நிலைத்ததற்குக் காரணமான நவாப் முஹ்ஸினுல் முல்க் அவர்களை நம் பகுதியில் அறிந்தோர் குறைவு. இத்தனைக்கும் நம் சென்னை மாநகரின் முஸ்லிம் கல்வி வரலாற்றில் அன்னாருக்கு ஒரு பங்கு உண்டு. அது பின்னர் வரும்.

அன்னாரின் இயற்பெயர் ஸையித் மஹ்தி அலீ. இன்றைய உத்தரப் பிரதேசத்தின் இட்டாவா நகரில் 1837 டிசம்பரில் பிறந்தார். குடும்பம் கண்ணியமானது, வசதி குறைவு. அரபியும் பார்ஸியும் பழைய முறையில் கற்றபின், மாதம் பத்து ரூபாய்ச் சம்பளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அப்போது இட்டாவா கலெக்டராக இருந்தவர் ஏ.ஓ.ஹியூம். பிற்காலத்தில் இந்திய தேசிய காங்கிரஸைத் தோற்றுவித்தவர்களில் முதல்வரான அதே ஹியூம்தான். இளம் எழுத்தரின் திறமை அவர் கண்ணில் பட்டது. படிப்படியாகச் சிரஸ்ததார் ஆகி, 1861 இல் தாசில்தார் ஆனார். அப்பதவியில் இருந்தபோதே குற்றவியல் சட்டம் பற்றியும் வருவாய்ச் சட்டம் பற்றியும் உருதுவில் நூல்கள் எழுதினார். அரசுத் தேர்வில் முதன்மையாகத் தேறி 1867 இல் மிர்ஸாபூரின் டிப்டி கலெக்டரானார். சிபாரிசும் குலப்பெருமையும் கோலோச்சிய காலத்தில் பத்து ரூபாய் எழுத்தர் ஒருவர் பத்தாண்டுக்குச் சற்றே மேற்பட்ட காலத்தில் அந்நிலையை எட்டியது சாதாரணமன்று.

அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதை மார்க்க ஆராய்ச்சியில் கழித்தவர் அவர். ஸர் ஸையித் அவர்களோடு ஏற்பட்ட தொடர்பும் மார்க்கத்தின் வழியே வந்ததுதான், அதுவும் பகையாக. ஸர் ஸையித் பைபிளுக்கு எழுதிய விளக்கவுரையைக் கண்டு கொதித்தவர்களில் மஹ்தி அலீயும் ஒருவர். கண்டித்து எழுதினார். பின்னர் நேரில் சந்தித்துப் பழகியபோது, கருத்தில் மாறுபட்டாலும் சமுதாயத்தின் மீது அம்மனிதர் கொண்டிருந்த கவலையில் கலப்படம் இல்லை என்பதைக் கண்டுகொண்டார். நட்பு முப்பதாண்டுகளுக்கு மேல் நீடித்தது. ஆனாலும் குர்ஆன் விரிவுரை பற்றிய கருத்து வேறுபாட்டைக் கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லை. இருவரும் அதுபற்றி எழுதிக்கொண்ட கடிதங்கள் 1892 இல் நூலாகவே வெளிவந்தன. ஒருவரோடு ஒரு மஸ்அலாவில் மாறுபட்டால் அவரோடு ஸலாமையே நிறுத்திக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே பெருகியிருப்பதால் இதை இங்கே எழுதத் தோன்றியது.

நன்கொடை திரட்டும் பணியின் முதற்பாடமும் இந்த நட்பால்தான் கிடைத்தது. 1869 இல் இலண்டன் சென்ற ஸர் ஸையித், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைக் குறை கூறி ஸர் வில்லியம் மூர் எழுதிய நூலுக்கு மறுப்பு எழுத முனைந்தார். நூல்களைத் திரட்டவும், மொழிபெயர்க்கவும், அச்சிடவும் பணம் போதவில்லை. அவர் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதியது மிர்ஸாபூரில் இருந்த மஹ்தி அலீக்குத்தான். கடன் வாங்கியாயினும், தம் வீட்டுப் பொருள்களை விற்றாயினும் தொகை அனுப்பும்படி வேண்டினார். டிப்டி கலெக்டர் தம் கையிலிருந்தும் கொடுத்து, நண்பர்களிடமும் திரட்டி அனுப்பினார். அரசுக்காக வரி தண்டிய கை, இரஸூலுல்லாஹ்வின் கண்ணியத்துக்காக முதன்முறை நன்கொடை கேட்டு நீண்டது.

1874 இல் ஹைதராபாத் திவான் ஸர் ஸாலார் ஜங் அழைத்தார். சென்றார். வருவாய்த்துறையில் தொடங்கி 1876 இல் அத்துறையின் செயலர் ஆனார். நம் முன்னோர் தாது வருடப் பஞ்சம் என்று சொல்லிச் சொல்லி அஞ்சிய அந்தக் கொடும் பஞ்சம் தக்காணத்தையும் சென்னை மாகாணத்தையும் ஒருசேர வாட்டத் தொடங்கிய ஆண்டு அது. நில அளவை, வரி நிர்ணயம், நீதிமன்றங்களில் பார்ஸிக்குப் பதில் உருதுவைக் கொண்டுவந்தது எனப் பல சீர்திருத்தங்கள் அவர் கைப்பட நிகழ்ந்தன. 1884 இல் நிதித்துறையும் அரசியல்துறையும் அவர் பொறுப்பில் வந்தன. சுரங்கக் குத்தகை பற்றிய விசாரணைக்காக 1888 இல் நிஜாம் அரசின் சார்பில் இலண்டனுக்கும் சென்றுவந்தார். முஹ்ஸினுல் முல்க் என்பது நிஜாம் அளித்த பட்டம். நாட்டிற்கு நன்மை செய்தவர் என்று பொருள். பின்னர் அப்பெயரே நிலைத்து, மஹ்தி அலீ என்ற பெயர் மறந்துபோயிற்று.

1893 இல் ஹைதராபாத்தை விட்டு வெளியேறினார். சில வரலாறுகளில் எழுதியிருப்பது போல, சமுதாயப் பணிக்காகத் தாமாகவே பதவியை உதறிவந்தார் என்று எழுதினால் அது முழு உண்மையாகாது. அரண்மனைப் பூசல்களும் அதிகாரப் போட்டிகளும் அன்னாரை அங்கிருந்து வெளியேற்றின என்பதே உண்மை. தியாகம் அதற்குப் பின்னர்தான் தொடங்கியது. மாதம் 800 ரூபாய் ஓய்வூதியம் கிடைத்தது. அக்காலத்தில் அது ஒரு சிற்றரசருக்குரிய வருமானம். வயது ஐம்பத்தைந்து. உடலில் நோய் குடிபுகுந்திருந்தது. பம்பாயில் ஒரு மாளிகையில் அமர்ந்து நூல்கள் எழுதியபடி காலங்கழித்திருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவர் சென்றதோ அலீகருக்கு.

அலீகரின் அப்போதைய நிலையை அறிந்தால்தான் அடுத்து நிகழ்ந்தது விளங்கும். 1875 மே மாதம் பள்ளியாகத் தொடங்கப்பட்டு, 1877 ஜனவரியில் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஸர் ஸையித் அவர்களும் நாற்பதாண்டு நீதித்துறைப் பணிக்குப் பின் 1876 இல் ஓய்வு பெற்று, இதற்காகவே கையேந்தியவர்தாம். கண்காட்சியில் புத்தகக் கடை போட்டு விற்றார். மேடை ஏறிப் பாடி நடித்தும் காசு திரட்டினார். விருந்து வைக்க வந்தவர்களிடம் விருந்துச் செலவைப் பணமாகக் கேட்டு வாங்கினார். பாட்டியாலா மகாராஜா போன்ற பிற சமய மன்னர்களும் கொடுத்தனர். கொடுத்தவர்களின் பெயர்களைச் சுவரிலும் அறைகளிலும் கல்லில் பொறித்தார். லாட்டரிச் சீட்டும் நடத்தினார். அது கூடாது என்று அன்றே கண்டனம் எழுந்தது. எழுந்ததில் நியாயம் இருந்தது என்பதே என் எண்ணம். எடுக்கும் காரியம் எவ்வளவு உயர்ந்ததாயினும் வழியும் ஹலாலாக இருக்க வேண்டுமல்லவா.

இவ்வாறு பைசா பைசாவாகச் சேர்த்த பணத்தில்தான் இடி விழுந்தது. 1895 இல் ஒரு பெரும் மோசடி வெளிப்பட்டது. கல்லூரி அலுவலகத்தின் தலைமை எழுத்தர் பல ஆண்டுகளாகப் போலிக் கையெழுத்திட்டு ஓர் இலட்சம் ரூபாய்க்கு மேல் கையாடியிருந்தார். ஆங்கிலம் அதிகம் அறியாத ஸர் ஸையித், நம்பிக்கையின் பேரில் காகிதங்களை மேற்பார்வையின்றி விட்டிருந்தார். ஒரு பைசாவும் அவர் எடுத்ததில்லை. எவரும் அப்படிச் சொல்லவும் இல்லை. ஆயினும் திரட்டியவர் பொறுப்பிலிருந்து விடுபட முடியாதே. முதுமையில் அந்த அடி அவரை உடைத்துவிட்டது. 1898 மார்ச் 27 அன்று வபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். இலட்சக்கணக்கில் திரட்டியவரின் கஃபன், தஃபன் செலவுக்கு அவர் இல்லத்தில் பணம் இல்லை என்றும், அதைக் கொடுத்தவர் முஹ்ஸினுல் முல்க்தான் என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர்.

கல்லூரி கடனில் மூழ்கியிருந்தது. மாணவர் தொகை சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. பெற்றோர் நம்பிக்கை இழந்தனர். கொடுத்தவர்கள் கையை மூடிக்கொண்டனர். கொடுத்த பணம் களவுபோன இடத்துக்கு மறுபடி யார் கொடுப்பார்? எந்த ஜமாஅத்திலும், எந்தச் சங்கத்திலும் ஒருமுறை கணக்கில் பிசகு நேர்ந்தால் அடுத்த பத்தாண்டுக்கு நல்லவர்களும் சந்தேகப் பார்வையைச் சுமக்க வேண்டியிருக்கும் என்பதை அனுபவப்பட்டவர்கள் அறிவர். அந்தச் சுமையைச் சுமக்க 1899 ஜனவரியில் டிரஸ்டிகள் தேர்ந்தெடுத்த செயலாளர்தான் நவாப் முஹ்ஸினுல் முல்க். வயது அறுபத்தொன்று.

இங்கேதான் இட்டாவாவிலும் ஹைதராபாத்திலும் கழிந்த வாழ்நாள் பயன்பட்டது. ஓர் அரசின் நிதித்துறையையே நடத்தியவர் கணக்குக்கு முன் அமர்ந்திருக்கிறார் என்பதே கொடுப்பவர்களுக்கு ஆறுதலாயிற்று. நாவன்மையும் அவருக்கு நிறைய உண்டு. அழவைக்கவும் சிரிக்கவைக்கவும் வல்ல பேச்சாளர் என்று அக்காலத்தவர் அனைவரும் ஒப்புக்கொள்கின்றனர். எனினும் வெறும் பேச்சால் ஒருமுறை பணம் வரும். மறுமுறை வருவதற்கு ஒழுங்கான கணக்கு வேண்டும்.

மற்றொரு திறமை, மனிதர்களைச் சேர்ப்பது. ஸர் ஸையித் நினைவாகப் பத்து இலட்ச ரூபாய் திரட்டிக் கல்லூரியைப் பல்கலைக்கழகமாக உயர்த்துவது என்னும் இலக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. அதற்காக அவர் ஊர் ஊராகச் சென்றார். ஸர் ஸையித் 1886 இல் தொடங்கிய முஹம்மதன் கல்வி மாநாட்டை வட இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுசென்றார். 1899 இல் கல்கத்தா, 1901 இல் சென்னை, 1902 இல் டில்லி, 1903 இல் பம்பாய். கல்கத்தாவில் தலைமை தாங்கியவர் நீதிபதி அமீர் அலீ. டில்லியில் ஆகா கான். பம்பாயில் நீதிபதி பத்ருத்தீன் தையப்ஜி. இந்தத் தையப்ஜிதான் 1887 இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையின் தலைவர். அக்காலத்தில் ஸர் ஸையித் அவர்களோடு கடுமையாக மாறுபட்டவர். அவரையே அலீகரின் மேடைக்கு அழைத்துவந்தார் முஹ்ஸினுல் முல்க். ஸுன்னி, ஷீஆ, போஹ்ரா, இஸ்மாயிலி என்ற வேறுபாடின்றி எல்லாக் கதவுகளையும் தட்டினார். பம்பாய் வணிகர் ஆதம்ஜி பீர்பாய் விஞ்ஞானக் கல்விக்கென ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் ரூபாய் வழங்கியது அவர் காலத்தில்தான். கல்லூரி மாணவர்களும் விடுமுறைக் காலத்தில் ஏழை மாணவர் நிதிக்காக ஊர்களுக்குச் சென்று வசூலித்தனர். அஞ்சுமனுல் ஃபர்ழ் என்று அம்மாணவர் சங்கத்துக்குப் பெயர். கடமைச் சங்கம் என்று நாம் சொல்லலாம்.

உலமாக்களோடு இருந்த பிணக்கையும் தணித்தார். அலீகரில் படித்தால் ஈமான் போய்விடும் என்ற பேச்சு நாடெங்கும் பரவியிருந்தது. நத்வத்துல் உலமாவின் கூட்டங்களுக்குச் சென்று அம்முயற்சியை ஆதரித்தார். கல்லூரியில் மார்க்கக் கல்விக்குக் கவனம் கொடுத்தார். 1907 ஜனவரியில் ஆப்கானிஸ்தான் அமீர் ஹபீபுல்லாஹ் கான் அலீகருக்கு வந்தபோது, கேள்விப்பட்ட அவதூறுகளைச் சோதிக்க எண்ணி, மாணவர்களைத் தாமே மார்க்க விஷயங்களில் வினவினார். பதில்களில் திருப்தியடைந்து வெளிப்படையாகப் பாராட்டி, நன்கொடையும் வழங்கினார்.

சென்னை மாநாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1901 டிசம்பரில் நடைபெற்ற பதினைந்தாவது மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி பாடம். மாநாட்டின் விளைவாக 1902 இல் தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் உருவாயிற்று. மியாஸி என்று இன்று நாம் அழைப்பது அதைத்தான். அச்சங்கம் 1951 இல் இராயப்பேட்டையில் நியூ காலேஜைத் தொடங்கியது. தண்டையார்பேட்டையிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் பேருந்து மாறி அங்கே சென்று பட்டம் பெற்றவர்கள் நம் மஹல்லாக்களிலும் இருக்கின்றனர். அலீகருக்காக அலைந்த அந்த முதியவரின் உழைப்பு இவ்வாறு நம் வாசல் வரை வந்திருக்கிறது.

இவ்வளவையும் படித்து, எல்லாம் வெற்றியாகவே முடிந்தது என்று எண்ணிவிட வேண்டாம். நன்கொடையும் மானியமும் பெறுகிறவர் கொடுப்பவரின் முகத்தைப் பார்த்து நடக்க வேண்டிய நிலை ஒன்று வரும். அவருக்கு அது 1900 இல் வந்தது. அந்த ஏப்ரலில், மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் ஸர் அந்தோணி மக்டொனல், நீதிமன்றங்களில் நாகரி எழுத்துக்கும் இடமளித்து ஆணையிட்டார். உருது மொழிக்கு ஆபத்து என்று முஸ்லிம்கள் கொதித்தெழுந்தனர். உருதுப் பாதுகாப்புச் சங்கத்துக்கு முஹ்ஸினுல் முல்க் தலைமையேற்று, லக்னோவில் பெருங்கூட்டம் நடத்தினார். கவர்னர் சினங்கொண்டார். கல்லூரிச் செயலாளர் அரசை எதிர்த்துக் கிளர்ச்சி நடத்துவதா என்று கேட்டு, இரண்டில் ஒன்றை விடுமாறு நெருக்கினார். அரசு மானியம் நின்றால், அப்போதுதான் மூச்சுவிடத் தொடங்கியிருந்த கல்லூரி மறுபடி சாயும்.

முதலில் கல்லூரிச் செயலாளர் பதவியைத்தான் விட முன்வந்தார். பலரும் மன்றாடித் தடுத்தனர். இறுதியில் உருதுச் சங்கத் தலைமையை விட்டார். கோழைத்தனம் என்று அன்று ஏசியவர்கள் உண்டு. ஹைதராபாத்தில் உருதுவை நீதிமன்ற மொழியாக்கிய மனிதர், அதே உருதுவுக்கான மேடையிலிருந்து இறங்கும்போது உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மானத்தைப் பெரிதென்று கருதியிருந்தால் அவர் கல்லூரியை விட்டிருப்பார். பெயர் நின்றிருக்கும், கல்லூரி நின்றிருக்குமா என்பது ஐயம். அவர் செய்தது சரியென்றே நான் கருதுகிறேன். மாற்றுக் கருத்துடையோரையும் மதிக்கிறேன்.

1906 இல் வைஸ்ராயைச் சந்தித்த சிம்லா தூதுக்குழுவை ஏற்பாடு செய்ததிலும், அவ்வாண்டு இறுதியில் டாக்காவில் முஸ்லிம் லீக் தோன்றியதிலும் அன்னாரின் பங்கு பெரிது. அந்த அரசியல் தனிக் கட்டுரைக்குரியது, இங்கே விரிக்கவில்லை.

1907 பிப்ரவரியில் கல்லூரியில் மாணவர் வேலைநிறுத்தம் வெடித்தது. கண்காட்சித் திடலில் காவலர் ஒருவரோடு மாணவருக்கு ஏற்பட்ட தகராறு, ஆங்கிலேய ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இடையிலான மோதலாக வளர்ந்தது. ஒருபுறம் அரசும் ஆசிரியர்களும், மறுபுறம் தம் பிள்ளைகளைப் போல நேசித்த மாணவர்கள். இருதரப்பும் அவரையே குறை கூறின. ஏற்கெனவே நீரிழிவால் நலிந்திருந்த உடல் அதற்குப் பின் தேறவில்லை.

அவ்வாண்டு அக்டோபர் 16 அன்று சிம்லாவில் நவாப் முஹ்ஸினுல் முல்க் வபாத்தானார். அன்னார் பொறுப்பேற்றபோது இருந்ததைப் போல மாணவர் தொகை இருமடங்குக்கு மேல் ஆகியிருந்தது. பல்கலைக்கழகம் மட்டும் அவர் கண்காண வரவில்லை. அது 1920 இல்தான் வந்தது. ஜனாஸா சிம்லா மலையிலிருந்து அலீகருக்குக் கொண்டுவரப்பட்டு, கல்லூரிப் பள்ளிவாசலை ஒட்டி, ஸர் ஸையித் அவர்களின் கப்ருக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டது. அங்கே தொழுகைக்கு வரும் மாணவர்கள் இன்றும் அவ்விரு கப்ருகளையும் கடந்தே செல்கின்றனர். அல்லாஹ் அவ்விருவரின் பிழைகளையும் பொறுத்து, நற்கூலி வழங்குவானாக.